மைக்கையும் பிடி, வலையையும் விடாதே!

ராமேஸ்வரக் கரையில் செய்தி எப்படிக் கரையேறுகிறது? அதைக் கரையேற்றுகிறவர்களுக்குக் காசு எங்கிருந்து வருகிறது? திரைக்குப் பின்னால் ஒரு ஜாலி ரவுண்டு!

டி.வி.யின் அடியில் சிவப்புப் பட்டையில் ‘ராமேஸ்வரம் மீனவர்கள் கைது’ என்று ஓடுகிறதே, அந்த வரி அங்கே வருவதற்கு முன்னால் எங்கே இருந்தது தெரியுமா? நடுக்கடலில், ஏதோ ஒரு விசைப்படகின் வயர்லெஸ் கருவியில்! பக்கத்துப் படகை இலங்கைக் கடற்படையினர் சுற்றி வளைத்துவிட்டார்கள் என்று பதறி ஒருவர் பேசியதைக் கரையில் இன்னொருவர் கேட்கிறார். கேட்டவர் படகு உரிமையாளருக்குச் சொல்ல, அவர் சங்கத் தலைவருக்குச் சொல்ல, தலைவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவைத் தட்டிவிட... டிங்! ராமேஸ்வரம் நிருபரின் தலையணைக்கு அடியில் கிடக்கும் போன் துள்ளுகிறது.

முதல் ரகசியத்தை இங்கேயே போட்டு உடைத்துவிடுவோம். இந்த ஊர் விசைப்படகுகள் வழக்கமாகத் திங்கள், புதன், சனிக்கிழமைகளில் மீன்வளத் துறையிடம் டோக்கன் வாங்கிக்கொண்டு கடலுக்குப் போகும். மறுநாள் காலை திரும்பும். ஆக, நிருபர் வீட்டில் தூக்கம் கெடும் இரவுகள் எவை என்று காலண்டரைப் பார்த்தே சொல்லிவிடலாம். கல்யாணமா, காதுகுத்தா, மற்ற நாட்களில் வைத்துக்கொள்ளுங்கள் சாமி!

போன் துள்ளிய பிறகுதான் கூத்து. சென்னை டெஸ்க்கில் இருந்து அழைப்பு.

“தம்பி, எத்தனை படகு?”

“ரெண்டுன்னு சொல்றாங்கண்ணே. ஆள் கணக்கு இன்னும் வரலை.”

“அடுத்த சேனல்ல ஓடுதேப்பா, பதினேழு பேர்னு!”

“சங்கத்துல பதினாலுங்கிறாங்கண்ணே. படகு நம்பரும் பேர் லிஸ்ட்டும் வரட்டும், அஞ்சு நிமிஷம் குடுங்க.”

“அஞ்சு நிமிஷமா? அதுக்குள்ள விடிஞ்சிரும்யா!”

அந்த ஐந்து நிமிடத்தில் தம்பி என்ன செய்கிறார் என்று எட்டிப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். மீன்வளத் துறை அலுவலருக்கு ஒரு போன். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு ஒரு போன். படகு உரிமையாளர் வீட்டுக்கு ஒன்று. அப்புறம், கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்திலோ மன்னாரிலோ இருக்கும் தமிழ்ப் பத்திரிகை நண்பருக்கு ஒரு வாட்ஸ்அப். எந்தக் கடற்பரப்பில் பிடித்தார்கள் என்பது மட்டும் தெரிந்துவிட்டால், மறுநாள் எந்த நீதிமன்றம் என்பதைத் தம்பியே சொல்லிவிடுவார். நெடுந்தீவுப் பக்கம் என்றால் பெரும்பாலும் ஊர்காவற்துறை. தலைமன்னார்ப் பக்கம் என்றால் மன்னார். இதையெல்லாம் எந்த இதழியல் வகுப்பிலும் நடத்துவதில்லை. ஜெட்டியில் டீ குடித்தே கற்றுக்கொள்ள வேண்டும்!

ஒரு ஸ்டாண்டு, ரெண்டு போன்

இப்போது ஆளைப் பாருங்கள். பைக்கின் பெட்ரோல் டேங்க் மேல் ஒரு பை. பைக்குள் மைக், மைக்கில் மாட்ட லோகோ, பவர் பேங்க், மழைக்கு ஒரு பிளாஸ்டிக் உறை. மடக்கு ஸ்டாண்டில் இரண்டு போன்கள்: ஒன்று நிமிர்ந்து நிற்கிறது, இன்னொன்று படுத்திருக்கிறது. நிமிர்ந்தது ரீல்ஸுக்கும் ஷார்ட்ஸுக்கும், படுத்தது டி.வி.க்கும் யூடியூபுக்கும். ஒரே அம்மா, ஒரே அழுகை, இரண்டு வடிவம்!

கொஞ்ச காலம் முன்பு வரை மாவட்ட நிருபரின் நாள் இவ்வளவு சிதறியதில்லை. மாலைக்குள் செய்தியை எழுதி, படச்சுருளோடு கவரில் போட்டு, மதுரை பஸ் கண்டக்டரிடம் கெஞ்சிக் கொடுத்துவிட்டால் அன்றைய கடமை முடிந்தது. பிறகு ஃபேக்ஸ் வந்தது, மின்னஞ்சல் வந்தது. இப்போது ஒரே கைது செய்திக்கு முதலில் இரண்டு வரி அலெர்ட், அப்புறம் முப்பது விநாடி வீடியோ, அப்புறம் நேரலையில் போன் வழியே பேசும் ‘போனோ’, அப்புறம் இணையதளத்துக்கு முந்நூறு வார்த்தை, சாயங்காலம் குடும்பத்தினரின் பேட்டித் துணுக்கான ‘பைட்’. ஐந்து ஆள் வேலையை ஒரு ஆள் செய்து முடிக்கிறார். கூலி ஐந்து மடங்காகிறதா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். மைக்கை ஆஃப் செய்துவிடுவார்.

ஏனென்றால் கரையோரச் செய்திக்காரர்களில் பலர் மாதச் சம்பளக்காரர்கள் இல்லை. ‘ஸ்டிரிங்கர்’ என்றும் ‘பகுதி நேர நிருபர்’ என்றும் பெயர். செய்திக்கு இவ்வளவு, விஷுவலுக்கு இவ்வளவு என்று கணக்கு. வெளியானால் காசு, வெளியாகாவிட்டால் பெட்ரோல் சொந்தச் செலவு. வடக்கே தொண்டி, தெற்கே மூக்கையூர், கிழக்கே தனுஷ்கோடி என்று சுமார் 237 கிலோமீட்டர் கடற்கரை இந்த ராமநாதபுரம் மாவட்டத்துக்கு. தமிழ்நாட்டுக் கடற்கரையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல்! பெட்ரோல் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். அதனால்தான் நிருபர் என்று அறிமுகமாகிறவரிடம் இரண்டாவது விசிட்டிங் கார்டும் இருக்கும். போட்டோ ஸ்டுடியோ, கல்யாண வீடியோ, இன்சூரன்ஸ், கடை. தீபாவளி மலருக்கு விளம்பரம் பிடிக்கும் வேலையும் பல நேரம் இவர் தலையில்தான். காலையில் கேள்வி கேட்ட புள்ளியிடமே மாலையில் அரைப்பக்க விளம்பரம் கேட்பது லேசுப்பட்ட வித்தையா?

அந்தப் பக்கம் சென்னை டெஸ்க்கில் என்ன நடக்கிறது? குளிரூட்டிய அறையில் இளைஞர் பட்டாளம். எது ட்ரெண்டிங் என்று ஒரு திரை கத்திக்கொண்டே இருக்கும். தம்பி அனுப்பிய நிதானமான செய்திக்கு அங்கே ‘நடுக்கடலில் நடந்தது என்ன? பதறிய ராமேஸ்வரம்!’ என்று தம்ப்நெயில் ஏறும். படத்தில் பெரிய சிவப்பு வட்டம், ஒரு அம்புக்குறி. அம்பு எதைக் காட்டுகிறது என்று தம்பிக்கே தெரியாது!

வேலை தேடுகிறவர்கள் இந்த அறையைக் கவனிக்க வேண்டும். செய்தி நிறுவனங்களின் விளம்பரங்களில் இப்போது ‘நிருபர் தேவை’ என்பதைவிட வீடியோ எடிட்டர், சோஷியல் மீடியா, கன்டென்ட் ரைட்டர், எஸ்.இ.ஓ. என்ற பெயர்கள்தான் அதிகம் கண்ணில் படுகின்றன. பத்திரிகைக் குறிப்பை மாற்றி எழுதுவது, ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்குவது போன்ற வேலைகளில் செயற்கை நுண்ணறிவும் புகுந்துவிட்டது. 2023-ல் ஒடிசாவின் ஓ.டி.வி. ‘லிசா’ என்ற ஏ.ஐ. வாசிப்பாளரைக் கைத்தறிச் சேலையில் நிறுத்தியது. 2024-ல் டி.டி. கிசான் ‘கிரிஷ்’, ‘பூமி’ என்று இரண்டு பேரைக் கொண்டுவந்தது. அழகாக வாசிக்கிறார்கள், விடுப்பு கேட்பதில்லை. ஆனால் விடிகாலை ஜெட்டியில் நின்று, “மச்சான், உங்க படகு வந்திருச்சா?” என்று கேட்க லிசா வர மாட்டார். வந்தாலும் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள்!

எத்தனாம் நம்பர் கூண்டு?

கரையோரச் செய்திக்கென்றே ஒரு நாட்காட்டி இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வரிசையாகக் கட்டிக் கிடக்கும் படகுகள், வண்ணம் பூசும் கைகள். படத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆடி, தை அமாவாசைகளில் அக்னி தீர்த்தக் கூட்டம். ஜூலை 27-ல் பேக்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம். செப்டம்பர் 11-ல் பரமக்குடியிலும் அக்டோபர் 30-ல் பசும்பொன்னிலும் தலைவர்களின் நினைவு நாள் கூட்டம். மாசி, பங்குனியை ஒட்டிக் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா. டிசம்பர் 22, 23 வந்தால் 1964-ன் தனுஷ்கோடிப் புயல் நினைவு.

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் டெஸ்க்கின் அன்பு கூடிவிடும். வங்காள விரிகுடாவில் எங்கோ ஒரு காற்றழுத்தம் சுழலத் தொடங்கினால் போதும்.

“தம்பி, பாம்பன்ல எத்தனாம் நம்பர் கூண்டு?”

“ஒண்ணாம் நம்பர்ணே, இப்பத்தான் ஏத்துனாங்க.”

“மூணாம் நம்பர் ஏத்துனா உடனே கூப்பிடு, என்ன?”

பாம்பன் துறைமுக அலுவலகத்தில் ஏறும் அந்தப் புயல் எச்சரிக்கைக் கூண்டுக்குக் கிடைக்கும் குளோஸ்-அப் எந்த நடிகருக்கும் கிடைத்ததில்லை!

2025 ஏப்ரல் 6-ல் பிரதமர் திறந்துவைத்த புதிய பாம்பன் ரயில் பாலமும் இந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. 1914-ல் ரயில் ஓடத் தொடங்கிய பழைய பாலம் நடுவில் பிளந்து இரண்டு கைகளாக விரிந்து வழிவிட்டது. புதியது நாட்டின் முதல் செங்குத்துத் தூக்குக் கடற்பாலம், 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே 17 மீட்டர் உயரத்துக்கு மேலே போகும். எப்போது கப்பல் கடக்கிறதோ அப்போதெல்லாம் கரையில் கேமராக்கள் ரெடி. ஆர்வக் கோளாறில் டிரோனைத் தூக்கிவிடாதீர்கள்! சற்றுத் தள்ளி உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமான தளம் இருக்கிறது. அனுமதி இல்லாமல் பறந்தால் செய்தி எடுக்கப் போனவரே செய்தியாகிவிடுவார்.

இந்த நாட்காட்டி எல்லோருக்கும் தெரியும் என்பதுதான் சிக்கல். எல்லா லோகோவும் ஒரே இடத்தில் குவியும் நாளில் புதிதாக ஒரு பையனோ பெண்ணோ போய் நின்று தனித்துத் தெரிய முடியாது. நாட்காட்டியில் இல்லாத செய்திக்குத்தான் கிராக்கி: கடல் அட்டையும் பீடி இலையும் எந்த வழியில் கடத்தப்படுகின்றன, 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு விவசாயி கையில் என்ன விலை நிற்கிறது, பாசி எடுக்கும் பெண்களுக்குத் தீவுப் பக்கம் போக ஏன் தடை... இவற்றுக்குப் பிரஸ் மீட் கிடையாது. தெரிந்தவர்கள் சொன்னால்தான் உண்டு.

ஓடும் ரயிலில் இருந்து விழுந்த வேலை

செய்தி உலகம் இப்போதுதான் தலைகீழாகிறது என்று நினைக்கிறீர்களா? இதே ராமேஸ்வரத்தில் ஒரு பையனுக்குச் செய்தித் துறையில் வேலை கிடைத்த கதையைக் கேளுங்கள்.

இரண்டாம் உலகப் போர்க் காலம். பாம்பன் வழியாக வரும் ரயிலில்தான் ஊருக்குப் பத்திரிகை வரும். போர் நெருக்கடியால் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்பதை ரத்து செய்துவிட்டார்கள். அதனால் ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஓடும் ரயிலில் இருந்து பத்திரிகைக் கட்டுகளைத் தூக்கி எறிவார்கள். ஊரின் ஒரே பத்திரிகை ஏஜென்ட்டான சம்சுதீனுக்கு, அந்தக் கட்டுகளைப் பிடிக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. அவருடைய உறவுக்காரச் சிறுவன் ஒருவன் அந்த இடத்துக்கு வந்தான். வாழ்நாளின் முதல் சம்பளத்தை அதில்தான் வாங்கினான். அந்தச் சிறுவன், ஏ.பி.ஜே. அப்துல் கலாம்! ‘அக்னிச் சிறகுகள்’ புத்தகத்தில் இதை அவரே சொல்லியிருக்கிறார். தினமணியின் தலைப்புச் செய்திகளில் போரைப் பற்றித் தேடியதையும் சொல்கிறார்.

இதில் எனக்குப் பிடித்த சங்கதி: ரயில் நிற்காமல் போனதால் ஒரு வேலை போகவில்லை, புதிதாக ஒன்று முளைத்தது. செய்தி வரும் வழி மாறும்போதெல்லாம் நடுவில் ஒரு இடைவெளி விழுகிறது. அங்கே போய் நிற்கத் தெரிந்தவருக்கு அது வேலை. அந்த வேலைக்கு முன்கூட்டியே பெயரும் இருக்காது, விளம்பரமும் வராது.

90.4: செய்தி சொல்லாத செய்தி நிலையம்!

வாருங்கள், பாம்பனுக்குள் நுழைவோம். இந்தக் கரைக்கு ரேடியோ புதிதில்லை. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை ஒரு காலத்தில் இந்த வீடுகளில் கணீரென்று கேட்டது. இப்போது கரைக்கே சொந்தமாக ஒரு குரல் உண்டு. ‘கடல் ஓசை’ 90.4 எஃப்.எம். 2016 ஆகஸ்ட் 15-ல் தொடங்கிய சமுதாய வானொலி. தொடங்கியவர் மீனவச் சமூகத்தைச் சேர்ந்த ஆம்ஸ்ட்ராங் பெர்னாண்டோ. மைக்குக்குப் பின்னால் உட்காருகிறவர்களும் பெரும்பாலும் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகளே. கடலுக்குப் போய்வந்த மனிதரே ஆர்.ஜே.யாக உட்கார்ந்து காற்றின் வேகம் சொன்னால் எப்படி இருக்கும்? ‘நாளைக்குக் கடல் கொஞ்சம் சேட்டை பண்ணும்’ என்கிற தொனியிலேயே கேட்கிறவருக்குப் புரிந்துவிடும், வலையை ஏற்றலாமா வேண்டாமா என்று.

காற்று, அலை உயரம், பாட்டு, நேயர் அழைப்பு, கடல்வாழ் உயிரினங்கள் பற்றிய ‘சமுத்திரம் பழகு’ நிகழ்ச்சி என்று நாள் நகர்கிறது. இதில் எங்கே இதழியல் என்கிறீர்களா? தகவலைத் திரட்டு, சரிபார், கேட்பவருக்குப் புரிகிற மொழியில் சொல், தப்பாகச் சொன்னால் ஆள் உயிர் போகும் என்று பயந்து சொல். இதைவிடக் கண்டிப்பான செய்தி அறை எங்கே இருக்கிறது?

ஆனால் இங்கேதான் வேடிக்கை. சமுதாய வானொலிக்குத் தன்னார்வ அமைப்புகளையும் அனுமதித்த 2006-ம் ஆண்டு விதிகள், செய்தியும் நடப்பு விவகாரங்களும் ஒலிபரப்பக் கூடாது என்று சொல்லிவிட்டன! வானிலை, உடல்நலம், பேரிடர் அறிவிப்பு எல்லாம் சொல்லலாம். கடலில் நடந்த கைதைச் செய்தியாக்கி வாசிக்க முடியாது. கேட்பவர்களின் வீட்டில் எதைப் பற்றி இரவு முழுக்கப் பேசுகிறார்களோ அதைத் தவிர மற்றதைப் பேச வேண்டும். சர்க்கஸில் கம்பிமேல் நடக்கிறவர்கள் இவர்களிடம் பயிற்சிக்கு வரலாம்.

கல்லாப் பெட்டியையும் திறந்து பார்த்துவிடுவோம். 2024 பிப்ரவரி 13, உலக வானொலி நாள். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் நடந்த மாநாட்டில் ஒன்றிய அரசு ஒரு அறிவிப்பு வெளியிட்டது. சமுதாய வானொலிகள் இனி மணிக்கு 12 நிமிடம் விளம்பரம் போடலாம்; பத்து விநாடிக்கான கட்டணம் 52 ரூபாயில் இருந்து 74 ரூபாய். கால்குலேட்டரை எடுங்கள்: 12 நிமிடத்தில் 72 பத்து விநாடிகள். ஒன்றுகூட விடாமல் நிறைந்தால் மணிக்கு 5,328 ரூபாய்! நிறைந்தால், என்பதை அழுத்திச் சொல்லுங்கள். 100 வாட் டிரான்ஸ்மிட்டரின் எல்லைக்குள் இருக்கும் கடைகள் எத்தனை, அவற்றில் விளம்பரம் கொடுக்கக் கூடியவை எத்தனை? குரலுக்கு வேலை இருக்கிறது, கேட்க ஆளும் இருக்கிறார்கள். சம்பளம்தான் மூச்சு வாங்குகிறது.

மூக்கையூரின் பத்து லட்சம்

இப்போது பைக்கைத் தென்மேற்கே திருப்புங்கள். சாயல்குடிக்குப் பக்கத்தில் மூக்கையூர். ‘உங்கள் மீனவன் மூக்கையூர்’ என்று யூடியூபில் தட்டிப் பாருங்கள். பத்து லட்சத்துக்கும் மேல் சந்தாதாரர்கள்! எந்த நிறுவனமும் இந்த வேலையைக் கொடுக்கவில்லை. கடலுக்குப் போகிறவரே கேமராவையும் கொண்டுபோனார். வலை விழுவது, மீன் ஏறுவது, படகிலேயே குழம்பு கொதிப்பது என்று தன் வேலைநாளை அப்படியே காட்டினார். கடலையே பார்க்காத ஊர்களில் எல்லாம் உட்கார்ந்து பார்த்தார்கள். பக்கத்து மாவட்டத்தின் ‘தூத்துக்குடி மீனவன்’ சேனலும் இதே வழியில் புகழ் பெற்றதுதான்.

பின்னணி நிலவரம் கொஞ்சம் தெரிந்துகொள்வோமா? யூடியூபில் விளம்பரப் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரர்களும், பன்னிரண்டு மாதத்துக்குள் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். ஷார்ட்ஸ் வழி என்றால் 90 நாளில் ஒரு கோடிப் பார்வைகள். 4,000 மணி நேரம் என்றால்? பத்து நிமிட வீடியோவை 24,000 பேர் ஒரு விநாடிகூடத் தள்ளாமல் பார்க்க வேண்டும். நம் சித்தப்பா, பெரியப்பா, அத்தை குடும்பம் எல்லாம் சேர்ந்தாலும் முந்நூறு தேறாது. அந்தக் கோட்டைத் தாண்டுகிறவரை படகு டீசல், மெமரி கார்டு, எடிட்டிங் எல்லாமே கைக்காசு.

கேமராவைத் தூக்கிய எல்லோரும் நிருபர் ஆகிவிடுவார்களா? ஆக மாட்டார்கள். மீன் குழம்பைக் காட்டினால் சந்தாதாரர் கூடுவார். மீனுக்குக் கரையில் யார் விலை வைக்கிறார், கடன் யாருடையது என்று கேட்டால் கரையில் பகை கூடும். சொந்த ஊரில் கேள்வி கேட்பது சென்னையில் இருந்து வந்து கேட்பதைப் போல் சுலபமில்லை. இரவு ஊருக்குத் திரும்பிப் போக வேண்டியதில்லை என்பது வெளியூர் நிருபரின் வசதி! ஆனால் அந்தக் கேள்விக்கான விடை உள்ளூர்க்காரருக்கு மட்டுமே முழுசாகத் தெரியும். இந்தக் கரையின் செய்தி வேலைக்குள் இருக்கும் முடிச்சு இதுதான். தெரிந்தவர் கேட்கத் தயங்குகிறார், கேட்கிறவருக்குத் தெரியவில்லை.

நின்று நிதானமாக

அந்த முடிச்சை அவிழ்த்தவர்களும் உண்டு. 1993-ல் பத்திரிகையாளர் பி. சாய்நாத் டைம்ஸ் ஆஃப் இந்தியாவின் ஃபெல்லோஷிப் பணத்தை வாங்கிக்கொண்டு நாட்டின் வறிய மாவட்டங்களுக்குப் போனார். அதில் ராமநாதபுரமும் ஒன்று. பனை ஏறிகளோடு நடந்தார், மிளகாய் மண்டியில் தரகர் ராஜ்ஜியத்தைப் பார்த்தார். எழுதியதெல்லாம் 1996-ல் புத்தகமாக வந்தபோது ராமநாதபுரத்துத் தரகரை டெல்லி வாசகர் தெரிந்துகொண்டார். தினச் செய்தியின் அவசரத்தில் இருந்து தப்பி ஒரே இடத்தில் தங்க அவருக்கு நேரமும், அந்த நேரத்துக்குக் காசும் கிடைத்தது. அதுதான் ரகசியம்.

அதே சாய்நாத் 2014 டிசம்பரில் தொடங்கிய ‘பாரி’ இணையதளம் இந்தக் கரையை விடாமல் வட்டமிடுகிறது. கடல் ஓசை, மிளகாய் விவசாயிகள், பாசி எடுக்கும் பெண்கள் என்று கட்டுரைகள் தமிழிலும் படிக்கக் கிடைக்கின்றன. இந்தக் கரையின் பாரதி நகர்ப் பெண்கள் கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, மூச்சடக்கிக் கடலுக்குள் இறங்குவதை நீருக்கடியில் எடுத்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். எடுத்தவர் எம். பழனிகுமார். அவருடைய அம்மா மீன் விற்றவர். முதல் தயானிதா சிங்–பாரி ஆவணப் புகைப்பட விருது 2022-ல் அவருக்கு வந்தது. கேமராவை யாரும் வாங்கிவிடலாம். தண்ணீருக்குள் கூட இறங்க அந்தப் பெண்கள் சம்மதிப்பதுதான் கஷ்டம். அந்தச் சம்மதத்துக்கு எந்தக் கடையிலும் விலைச் சீட்டு இல்லை.

சரி, எனக்கு வேலை கிடைக்குமா?

இந்தக் கேள்விக்குத்தானே இவ்வளவு தூரம் வந்தீர்கள்! கிடைக்கும். வேலைக்குப் பஞ்சமில்லை, அது ஒரே கட்டடத்தில் ஒரே பெயரில் உட்கார்ந்திருந்த காலம்தான் போய்விட்டது. ஸ்டிரிங்கர் என்று கொஞ்சம், ரேடியோவில் கொஞ்சம், யூடியூபில் கொஞ்சம், நெடுங்கட்டுரைக்கு ஒரு மின்னஞ்சல் என்று கரை முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. பொறுக்கிச் சேர்க்கிறவருக்கு ஒரு வருமானம் தேறும்.

டெஸ்க்குக்கு அனுப்பும் முதல் மின்னஞ்சலில் ‘எனக்குச் செய்தித் துறையில் ஆர்வம் அதிகம்’ என்று ஆரம்பிக்காதீர்கள். அந்த ஆர்வம் அங்கே மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. ‘என் ஊர் தங்கச்சிமடம். மூன்று மீனவர் சங்கங்களின் தலைவர்கள் என் போனை எடுப்பார்கள். காற்று மாறினால் படகு எந்தப் பக்கம் போகும் என்று தெரியும். நிமிர்த்தியும் படுக்கவைத்தும் வீடியோ எடுத்து, கரையில் உட்கார்ந்தே வெட்டி அனுப்புவேன்’ என்று எழுதுங்கள். ஆசிரியர் நிமிர்ந்து உட்காருவார். கல்லூரியில் இருக்கிறீர்களா? விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டம் போன்ற வாசல்களைத் தட்டுங்கள். தமிழ் இதழ்களில் இன்று பெயர் சொல்லும் பலர் அந்த வழியாக நுழைந்தவர்களே. நெடுங்கட்டுரை எழுத ஆசையா? ‘மீனவர் வாழ்க்கை’ என்று தலைப்பு அனுப்பாமல், ‘தடைக்காலத்தின் 61 நாளில் ஒரு விசைப்படகுக் கூலியின் வீட்டுக் கணக்கு நோட்டு’ என்று அனுப்புங்கள்.

கடைசியாக, யாரும் வெளிப்படையாகப் பேசாத விஷயம்: காசு. உழைக்கும் பத்திரிகையாளர்களுக்கான 1955-ம் ஆண்டுச் சட்டம் அச்சுப் பத்திரிகையை மனதில் வைத்து எழுதப்பட்டது. அதை உள்வாங்கிக்கொண்ட புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்தது. அதில் ‘உழைக்கும் பத்திரிகையாளர்’ என்ற வரையறைக்குள் மின்னணு ஊடகமும் டிஜிட்டல் ஊடகமும் சேர்ந்திருக்கின்றன. பகுதி நேரமாகப் பணியமர்த்தப்பட்டவரையும் அந்த வரையறை ஒதுக்கவில்லை. நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்பதும் சட்டமாகிவிட்டது. சட்டம் காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கடிதமே வாங்காமல், கழுத்தில் ஒரு அடையாள அட்டை தொங்கினால் போதும் என்று பெருமையாகப் பைக்கைக் கிளப்புகிறவருக்கு எந்தச் சட்டமும் கை கொடுக்காது.

மீனைக் கரையில் இறக்கியதும் எடை போட்டு, விலை பேசி, அப்புறம்தான் கூடையை நகர்த்த விடுவார்கள் இந்த ஊர் அக்காமார்கள். செய்தியை இறக்குகிறவர் மட்டும் ஏன் கூச்சப்பட வேண்டும்? அடுத்த தடவை டெஸ்க் கூப்பிட்டு, “தம்பி, விஷுவல் இருக்கா?” என்றால், “இருக்குண்ணே” என்று சொல்லுங்கள். கூடவே, மூச்சு விடாமல், “ரேட் என்னண்ணே?” என்றும் கேட்டுவிடுங்கள்!